மாப்பிள்ளை மனந்திரும்பிய தவக்காலம்

என் தங்கையின் புருஷன் குடித்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. அவர் குடியை விட்டு, தலையைப் படிய வாரி, கோயில் மைக் முன்னால் நின்று, தான் மனந்திரும்பிவிட்டதாகச் சொன்ன நாளிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. குடிகாரன் வந்தால் வாசலோடு நிறுத்தலாம், நாலு பேரைக் கூப்பிடலாம். திருந்தியவனை எங்கே நிறுத்துவது? ஊரே அவனுக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறது.

அன்று சின்னப்பர் மனந்திரும்பிய திருநாள். ஜனவரி மாதக் கடைசி. நாங்கள் இருக்கிற அடுகோடியில் காலை ஆறு மணிப் பூசைக்குக் குல்லா போட்டுக்கொண்டு வருகிற குளிர். பைபிளில் பவுல் என்று போட்டிருந்தாலும், கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களுக்கு அவர் இன்னமும் சின்னப்பர்தான். அவர் கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துச் சிறையில் போட்ட சவுல் என்ற ஆள், தமஸ்கு ஊருக்குப் போகிற வழியில் பெரிய வெளிச்சத்தில் தரையில் விழுந்தார், மூன்று நாள் கண் தெரியாமல் கிடந்தார், எழுந்தபோது வேறு ஆளாக இருந்தார். ஃபாதர் இதைப் பிரசங்கத்தில் சொல்லி முடித்துவிட்டு, சாட்சி சொல்லச் சொல்லி என் மாப்பிள்ளையை முன்னால் கூப்பிட்டார். அவர் அப்போதுதான் ஒரு தியான இல்லத்தில் நாற்பது நாள் இருந்து குடியை விட்டு வந்திருந்தார்.

"நானும் சவுலாத்தான் இருந்தேன். ஆண்டவரு என்னையும் குதிரையிலேர்ந்து கீழ தள்ளினாரு," என்றார் மாப்பிள்ளை. முன் வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் மனைவியும் துடைத்தாள். எனக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. பைபிளில் குதிரையே கிடையாது. வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன், கிடையாது. படம் வரைகிறவர்கள் போட்ட குதிரை அது.

என் புத்தி அப்படி. நான் இருபத்தெட்டு வருடமாக ஒரு லேத் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். கடைந்து வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் அளவு பார்க்கிற கேஜை நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். நடுவில் பேச்சே கிடையாது. அந்த வேலையைக் கோயிலுக்கும் கொண்டுபோனேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அப்பா இல்ல. தங்கச்சிக்கு மூத்தவர் நீங்கதான். அவர் உண்மையா திருந்தியிருக்கார்னு நான் நினைக்கிறேன். குடும்பம் ஒண்ணு சேரணும். ஈஸ்டருக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார். நல்ல மனிதர், மிரட்டலாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

முதல் தடவை தங்கை கைக்குழந்தையோடு, கன்னம் வீங்கி என் வீட்டுக்கு வந்தாள். நாலு நாள் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தார். "ஆம்பளைன்னா கோபம் வரும்மா, அனுசரிச்சுப் போ," என்று சொல்லி, அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் பொம்மனஹள்ளியில் அவர்கள் வீட்டில் விட்டேன். இரண்டாம் தடவை கைக்குழந்தை பெரிய பெண்ணாகியிருந்தாள். "பொண்ணு வளந்துட்டா, ஜனங்க இன்னா பேசுவாங்க," என்றேன். மறுபடியும் பெட்டியைத் தூக்கினேன். அந்த மாதம் முடிவதற்குள் அவர் அவளுடைய வலது மணிக்கட்டை முறுக்கி உடைத்தார். உள்ளே தகடு வைத்தார்கள். கை கூடியது, ஆனால் மணிக்கட்டு மடங்கவோ திரும்பவோ இல்லை. கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறதில் முதல் ஆளாக இருந்தவள் அதற்குப் பிறகு நூல் வெட்டுகிற ஹெல்பர் ஆனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் என் வீட்டுக்கு வரவில்லை. மகளை அழைத்துக்கொண்டு நேராக, ஊருக்கு வெளியே ஓசூர் ரோட்டிலிருக்கிற சந்தாபுராவுக்குப் போய், கூட வேலை செய்கிற ஒருத்தி மூலமாக ஒற்றை அறை வீடு பிடித்து இருந்துவிட்டாள். எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். ஏன் என் வீட்டுக்கு வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. வேலைக்குப் பக்கம் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அதனால் ஃபாதர் கேட்டபோது மூன்றாம் தடவையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நடுங்கினேன். இந்தத் தடவை உடைவது மணிக்கட்டாக இருக்காது என்று மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. 'கூடாது' என்று சொன்னால், திருந்திய மனிதனை நானே மறுபடி சாராயக் கடைக்குத் தள்ளிய பாவம் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

யோசித்து ஒரு நிபந்தனை போட்டேன். மாப்பிள்ளை அப்போது அடுகோடியிலேயே ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கியிருந்தார். அவரிடம் போய், "மாப்ளே, ஈஸ்டர் வரைக்கும் ஒரு நாள் விடாம காலைப் பூசைக்கு வாங்க. அதுவரைக்கும் சந்தாபுரா பக்கம் போகக் கூடாது. அப்புறம் பேசலாம்," என்றேன். அவர் டயரிலிருந்து கையை எடுக்காமல், "வர்றேன் மச்சான்," என்றார்.

அவர் வருகிறாரா என்று பார்க்க நானும் போக வேண்டியதாயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவனாக இருந்தவன் தினமும் ஐந்து மணிக்கு எழ ஆரம்பித்தேன். என் மனைவி, "இன்னாங்க, சாமியப் பாக்கப் போறீங்களா, மாப்பிள்ளை முதுகப் பாக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தாள். முதுகைத்தான் பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் தூணை ஒட்டிய பெஞ்சில் அவர் உட்காருவார். இரண்டு பெஞ்சு தள்ளிப் பின்னால் நான். சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறதா, கை நடுங்குகிறதா, பாட்டுப் பாடும்போது குரல் இழுக்கிறதா என்று பார்ப்பேன். சாமி கும்பிட்டு வெளியே வரும்போது வேண்டுமென்றே பக்கத்தில் போய் மூச்சை இழுப்பேன். ரப்பர் வாடைதான் அடிக்கும்.

அவர் ஐந்து நிமிடம் தாமதமானால் திரும்பித் திரும்பிப் பின்கதவையே பார்ப்பேன். இந்நேரம் சந்தாபுரா பஸ்ஸில் இருப்பாரோ, அவள் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறக்கிற நேரமாயிற்றே என்று மனசு ஓடும். பின்கதவு கிறீச்சென்று அவர் உள்ளே வந்த பிறகுதான் நான் மூச்சு விடுவேன். மற்றவர்கள் ஆண்டவரே இரக்கமாயிரும் என்று சொல்லும்போது, நான் இன்றைக்கு வந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். தவக்காலம் முழுக்க இதுதான் என் ஜெபம்.

எல்லாவற்றையும் விட நான் உற்றுப் பார்த்தது அவர் நன்மை வாங்குகிறாரா என்பதை. வேறு ஆட்களுக்கு இது புரியாது, கொஞ்சம் சொல்ல வேண்டும். பூசையில் ஃபாதர் அப்பத்தைக் கொடுக்கும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் எழுந்து போய் வாங்குவோம். அதை நன்மை வாங்குவது என்போம். பெரிய பாவம் செய்தவர் போகக் கூடாது. முதலில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் பெஞ்சு முழுக்க எழுந்து ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் ஆட்கள் பாதி கண்டுபிடிப்பது இப்படித்தான். எனக்கு அதுவே கேஜ் ஆயிற்று. அவர் எழுந்து போனால் அன்றைக்குப் பாஸ்.

தினமும் எழுந்து போனார். கையைக் கூப்பிக்கொண்டு, யாரையும் இடிக்காமல், தலை குனிந்து போய் வாங்கிவந்தார். பிப்ரவரி போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்குகிற திருநீற்றுப் புதன் வந்து நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். ஒரு நாள் வாசகத்தை நான் முழுதாகக் கேட்டுவிட்டேன். ஒருவேளை பத்து நிமிடம் அவர் முதுகைப் பார்க்காமலே இருந்திருப்பேன். அது எனக்கே பகீரென்றது. காவலுக்கு வந்தவன் தூங்கிவிட்டது போல இருந்தது. ஆனால் அன்று பட்டறைக்குப் போகும்போது மனசு என்னவோ லேசாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இன்னொரு நாள் பூசை முடிந்து கோயில் எதிரே டீக்கடையில் நின்றோம். முதல் தடவையாக அவராகவே பேசினார். "எல்லாரும் நான் ஒரே நாள்ல மாறிட்டேன்றாங்க மச்சான். விழுந்ததுதான் ஒரே நாள்ல. எழுந்திரிக்கிறது தெனம் இருக்குது. காலையில எழுந்தா நேத்து எழுந்தது கணக்கே இல்ல, மறுபடி மொதல்லேர்ந்து." டீ கிளாஸைப் பிடித்திருந்த விரல்கள் நகக்கண் வரை கறுத்திருந்தன. இதைப் படிப்பறிவில்லாத மனிதன் பிரசங்கத்தில் கேட்டுச் சொல்ல முடியாது, பட்டுத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதுதான் இந்தக் கதையில் இருக்கிற சங்கடம்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரம் ஃபாதரிடம் போய், "சேர்த்து வைக்கலாம் ஃபாதர்," என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தேன்.

"அவரு மாறிட்டாரும்மா. நான்தான் தெனம் பாக்குறேனே. ஈஸ்டர் முடிஞ்சதும் நானும் ஃபாதரும் வந்து பேசறோம்."

"நீ பாக்குற," என்றாள்.

"ஆமா. ஒரு நாள் தவறல."

"சரிண்ணா. வண்டி வந்துடுச்சு, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

சரி என்றாளே, அது போதும் எனக்கு. அன்று சாயங்காலமே டயர் கடைக்குப் போய் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையெல்லாம் கிரீஸ். எனக்கே குஷியாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் தங்கை மகளுக்கு ஈஸ்டருக்கு ஒரு சுடிதார் எடுக்க வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

அது கழிந்து மூன்றாம் நாள் காலை. மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தார், அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் மண்டியிட வேண்டிய நேரத்தில் மண்டியிட்டவர், எழ வேண்டிய நேரத்தில் எழாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நன்மை வாங்கும் நேரம் வந்தது. அவர் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் முழங்காலைத் தாண்டி வெளியே வந்தார்கள். அவர் காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

என் பெஞ்சும் எழுந்தது. வரிசையில் நின்ற நான் பீடத்துப் பக்கம் போகாமல் அப்படியே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். தங்கைக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். மகள் நம்பருக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். மடிவாளா, சில்க் போர்டு, அப்புறம் ஓசூர் ரோடு. காலை ஏழு மணிக்கே லாரியும் கம்பெனி பஸ்ஸும் அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சிக்னலிலும் போனை எடுத்துப் பார்த்தேன். பொம்மசந்திரா வருவதற்குள் என் தங்கையை நான் பலவிதமாகப் பார்த்துவிட்டேன். கீழே கிடப்பதாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன். பாவம் செய்தவன் கோயிலில் உட்கார்ந்திருக்கிறான், அப்படியானால் பாவம் நேற்றே நடந்து முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், பாதியில் அடுத்த வரி வரவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்கிற ஜெபம் மறந்துபோயிற்று.

வீடு பூட்டியிருந்தது. மரக் கதவில், தாழ்ப்பாள் உயரத்தில், ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் ஒரு ஆளு வந்து கதவை இடிச்சான் சார். எங்க வீட்டுக்காரரு வேற இல்ல, எனக்கும் பயமாப் போச்சு. காலையில அந்தக்கா பொண்ணைக் கூட்டினு சீக்கிரமே போயிட்டாங்க," என்றார். நடந்து போனார்களா என்று கேட்டேன். நன்றாகத்தான் நடந்து போனார்கள் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வேலை செய்யும் கார்மெண்ட்ஸுக்கு வண்டியை விட்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தான். "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டான். "நன்ன தங்கி," என் தங்கை என்று கன்னடத்திலேயே சொல்லி, ஹெல்பர் செக்‌ஷன், வலது கை மடங்காது என்று அடையாளம் சொன்னேன். ஷிஃப்ட்டில் இருக்கும்போது கூப்பிட முடியாது, போனெல்லாம் கேட்டிலேயே பெட்டியில் வாங்கி வைத்துவிடுவோம், டீ பிரேக் வரை நில்லுங்கள் என்றான். நின்றேன். வெயில் ஏறியது. உள்ளே நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு வயசு கூடிவிட்டது.

அவள் வந்தாள். முழுதாக வந்தாள். ஏப்ரன் முழுக்க வெட்டிய நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை, இறுகியது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாப்பா எங்கம்மா?"

"ஃப்ரெண்டு வீட்ல விட்டிருக்கேன். பரீட்சைக்குப் படிக்கணும் இல்ல."

"நேத்து இன்னா ஆச்சு?"

அவள் கேட்டின் நிழலுக்கு நகர்ந்து நின்றாள். சொல்லும்போது குரல் ஏறவே இல்லை. "ஏழு மணிக்கு வந்தாரு. மொதல்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. நல்லாத்தான் கூப்பிட்டாரு. நான் தொறக்கல. கதவைத் தட்டினாரு. உங்க அண்ணனே சொல்லிட்டாருன்னாரு, ஃபாதர் சொல்லிட்டாருன்னாரு. அப்பவும் தொறக்கல. தட்டிட்டே இருந்தாரா, கொஞ்ச நேரத்துல அந்தத் தட்டுற சத்தம் மாறிச்சுண்ணா. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டரைத் தள்ளி கதவுக்கு முட்டுக் குடுத்தோம். ஒரு ஒதை விட்டாரு. அப்புறம் சத்தம் இல்ல. படியில உக்காந்து அழுதாரு. அப்புறம் போயிட்டாரு."

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல. அதான் எனக்கு ஜாஸ்தி பயம். குடிக்காமலே வந்தாரு."

"எனக்கு ஏம்மா போன் பண்ணல? அரை மணி நேரத்துல வந்திருப்பேனே."

அவள் என்னைப் பார்த்தாள். "போனைக் கையில எடுத்தேன்ணா. நீ இன்னா சொல்லுவன்னு நெனச்சேன். 'அவரு மாறிட்டாரு, கதவைத் தொறம்மா'ன்னு நீ சொல்லிட்டா? பாப்பா பக்கத்துல நிக்கிறா. மாமா சொல்லிட்டாருன்னு அவ தொறந்துட்டா? அந்தப் பயத்துலதான் போனையே ஆஃப் பண்ணி வச்சேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கதவுக்கு வெளியே நின்ற ஆளைப் பார்த்து அவள் பயந்தாள், அதற்கு சிலிண்டர் இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்ததற்கு அவளிடம் இருந்தது அந்தப் போன் ஸ்விட்ச் ஒன்றுதான்.

சவுல் குடிகாரர் இல்லை. இது அந்தக் கேட்டில் நிற்கும்போது எனக்கு உறைத்தது. யார் வீட்டிலும் சண்டை போட்டவர் இல்லை. பக்தியானவர், ஒழுங்கானவர், தான் செய்வது கடவுளுக்குப் பிடிக்கும் என்று நம்பியவர். ஊரார் ஒரு கிறிஸ்தவரைக் கல்லெறிந்து கொன்றபோது கூட அவர் கல் எடுக்கவில்லை, எறிந்தவர்களின் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஒரு நாளும் என் தங்கையைக் கை நீட்டி அடித்ததில்லை. பெட்டியை மட்டும் தூக்கினேன். இத்தனை நாள் இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து மாப்பிள்ளையின் முதுகில் சவுலைத் தேடினேன், தேடியவன் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. 'என்னை ஏன் இப்படி வாட்டுகிறாய்' என்று வெளிச்சத்திலிருந்து ஒரு குரல் சவுலைக் கேட்டதாம். என்னைக் கேட்ட குரலில் ஒரு வெளிச்சமும் இல்லை. அவளுக்கு டீ பிரேக் முடிய மூன்று நிமிடம் இருந்தது.

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டேன். "ஃபாதர் இருக்கட்டும், நான் இருக்கட்டும். உனக்கு இன்னா வேணும்?"

"வேணாம்ணா," என்றாள். உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. "அவரு திருந்தினா சந்தோஷம். நானும்தான் ஜெபம் பண்ணேன், அவரு நல்லாருக்கணும்னு. ஆனா சாமிகிட்ட திரும்பினவரு சாமிகிட்டயே இருக்கட்டும். என் வீட்டுக்குத் திரும்ப வேணாம். இத நான் கை ஒடைஞ்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். யாரும் கேக்கல."

மணி அடித்தது. அவள் மடங்காத கையால் ஏப்ரனைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றே அவளையும் மகளையும் என் வீட்டுக்கு அழைத்தேன். வர ரொம்ப யோசித்தாள். மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்கிற நாளில் நீங்கள் தனியாக இருக்கக் கூடாது என்று என் மனைவி பேசின பிறகுதான் வந்தாள். சாயங்காலம் ஃபாதரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் அவங்களக் கேக்கலையே," என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம், வார்த்தை கொடுத்தது நான், நானே சொல்கிறேன் என்றேன். வீரத்தில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் டயர் கடைக்குப் போனேன். நட்டநடு வெயில், ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். மாப்பிள்ளை இரும்புக் கம்பியை டயர் விளிம்பில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கம்பி கையிலேயே இருந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"சந்தாபுரா போனீங்களா மாப்ளே?"

"போனேன். போகக் கூடாதுன்னீங்க, போனேன். கதவை ஒதச்சேன். அதனாலதான் நேத்து நன்மை வாங்கல. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

மறைக்கவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "அவ வேணாம்னு சொல்லிட்டா," என்றேன்.

"யாரு? நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல. நான் கேட்டேன். அவ சொன்னா. என்னிக்கோ முடிவு பண்ணிட்டாளாம், நாமதான் கேக்கல."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. அந்தத் தாடையைத்தான் என் தங்கை எத்தனையோ தடவை பார்த்திருப்பாள், நான் முதல் தடவையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடுவதானால் எந்தப் பக்கம் என்று கூடப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு பஸ் போயிற்று. அதன் பின்னால் இரண்டு ஆட்டோ போயின. அவர் கம்பியைத் தரையில் வைத்தார். போடவில்லை, குனிந்து வைத்தார். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்.

என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ நாளைக்குப் பூசைக்கு நான் வரணுமா மச்சான்?"

கோபத்தில் கேட்டாரா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா, எனக்குப் புரியவில்லை. ஆண்டவர் வீட்டு வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான்தான். அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவனும் நான்தான். இனிமேல் காலையில் போக எனக்கும் ஒரு காரணம் கிடையாது, பார்க்க வேண்டிய முதுகு கிடையாது.

"அது எனக்குத் தெரியாது மாப்ளே," என்றேன். "நான் வருவேன்."